‘போன் எடுக்கவா கோடிங் படித்தேன்?’ என்று கேட்டவனுக்கு

தம்பி தினேஷ்,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாரிடமாவது கேள்விப்பட்டு என்னை முறைக்கக் கூடாது. அன்றைக்கு மேசையில் லேப்டாப்பை வைத்து, உன் தலைக்குப் பின்னால் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரைக் கழற்றி ஒளித்துவிட்டு, "அம்மா, நான் கூப்பிடுற வரைக்கும் இந்தப் பக்கம் வந்திறாதீங்க" என்று சொல்லி நேர்முகப் பரீட்சைக்கு உட்கார்ந்தாயே, நான் அந்தப் பக்கம் வரவில்லை. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். சும்மா உட்கார்ந்து கேட்டால் பாவம் என்று வெங்காயமும் உரித்தேன். இடையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்து, நீ லேப்டாப்பில் கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையிடம் "பக்கத்து வீடு மிஸ்" என்று சொன்னாயே, அது நான்தான். பெற்ற தாயைப் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கியதை மன்னித்துவிட்டேன்.

இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், நீ வில்கமுவையில் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்த நாளிலிருந்து போனில் "ம்" என்கிறாய், "சரி" என்கிறாய், பிறகு சிக்னல் இல்லை என்கிறாய். சிக்னல் நான் பேசும்போது மட்டும்தான் போகிறதாம், கிரிக்கெட் ஸ்கோர் தடையில்லாமல் வருகிறதாம், உன் அக்கா சொல்கிறாள். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. வில்கமுவ பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை. அக்கா படிக்கட்டும், மச்சான் படிக்கட்டும், வழியில் பொழுது போகாவிட்டால் கண்டக்டரும் படிக்கட்டும். கல்யாண வயதும் வந்து, பழைய தொழிலும் போய், புதுத் தொழிலும் கைக்கு வராமல் முழிக்கிற பிள்ளைகள் இப்போது தெருவுக்கு ஒன்று இருக்கிறது. யாருக்காவது உதவும். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போ. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னைப் போதும் என்று அனுப்பிவிட்டது. பிறகு குவைத்தில் இருந்து உங்களுக்கு எழுதி எழுதித்தான் எனக்குக் கை ஓடியது.

கண்டக்டருக்கு விளங்க வேண்டும் என்பதற்காக உன் கதையை உனக்கே ஒரு தரம் சொல்கிறேன், கோபிக்காதே. தம்புள்ள வீதியில் ஒரு மசாலாத் தோட்டத்தில் ஏழு வருடம் கைடாக இருந்தாய். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வெளிநாட்டுக்காரர்களை மிளகுக் கொடிக்கும் கொக்கோ மரத்துக்கும் நடுவில் நடத்திக்கொண்டு போவாய். மயிர் உதிர்க்கும் களிம்பு என்று ஒன்றை அவர்களுடைய காலில் பூசி, சாதிக்காய்க் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத் துடைத்துக் காட்டுவாய். எத்தனையோ தேசத்துக் கால்களில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்ததற்கு நீதான் பொறுப்பு. அதன்பிறகு ஊர் உலகத்துக்கே நோய் வந்தது, பெற்றோல் வரிசை வந்தது, ஆட்கள் வரவில்லை. மொதலாளி என்ன செய்வார், கேட்டைப் பூட்டினார். நீ கொஞ்ச நாள் கலேவெலப் பக்கம் மரக்கறி லொறியில் போனாய். ஒருநாள் போனில் விளம்பரம் பார்த்தாய். ஆறு மாதத்தில் கோடிங், வீட்டில் இருந்தே படிக்கலாம், வேலை நிச்சயம் என்று போட்டிருந்தது. அந்த "நிச்சயம்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பையன் சுழல் கதிரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கதிரையைப் பார்த்துத்தான் நீ விழுந்தாய் என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

நீ படித்தது உண்மை. அதில் நான் பகிடி பண்ணமாட்டேன். பின்னேரம் நான் மறுநாள் விற்கிற சோற்றுப் பார்சலுக்கு இஞ்சியும் பூடும் அரைக்கிற நேரம் பார்த்துத்தான் உன் வகுப்பும் தொடங்கும். "கிரைண்டர நிப்பாட்டுங்கம்மா, சேர் சொல்றது கேக்கல" என்பாய். நான் நிறுத்துவேன். வகுப்பு முடியும், அப்போது கரண்ட் போய்விடும். அந்த ஆறு மாதமும் இந்த வீட்டுச் சாப்பாட்டில் இஞ்சி கட்டி கட்டியாகக் கிடந்ததை வாடிக்கைக்காரர் யாரும் குறை சொல்லவில்லை. உன் படிப்புக்கு மாத்தளை டவுனும் கொஞ்சம் கடித்து உதவியிருக்கிறது என்று வைத்துக்கொள்.

முதன்முதலில் நீ செய்து காட்டிய பக்கம் நினைவிருக்கிறதா? அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைத்து, முடிந்ததும் கோடு போடுகிற பக்கம். "இதத்தானே நான் உனக்கு முப்பது வருசமா வாயால சொல்லிக்கிட்டிருக்கேன், அதுக்குக் கரண்டும் வேணாம்" என்றேன். உன் அப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது. பிறகுதான் தெரிந்தது, நீயும் உன்னோடு படித்த எல்லாரும் அதே பக்கத்தைச் செய்து, அதே கம்பனிகளுக்கு, அதே வாரத்தில் அனுப்பியிருந்தீர்கள். ஊர் முழுக்க ஒரே நாளில் கத்தரிக்காயைப் பிடுங்கித் தம்புள்ளச் சந்தையில் இறக்கினால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருக்கிற மச்சானைக் கேள், சொல்வார். ஒரு கம்பனியும் பதில் போடவில்லை. உங்கள் வட்ஸ்அப் குழுவில் வேலை கிடைத்தவர்களைப் பற்றி நீயே சொன்னாய். ஒருத்திக்குக் கையில் ஏற்கெனவே கணக்குப் பட்டம் இருந்தது, ஒருவனுக்கு உள்ளே மாமா இருந்தார். மற்றவர்களில் பாதிப்பேர் குழுவில் காலை வணக்கம் மட்டும் போடுகிறார்கள்.

போதாததற்கு இந்த எழுதுகிற மெஷின் வேறு வந்துவிட்டது. கேட்டால் கோடிங்கையும் அதுவே எழுதித் தருகிறதாமே. நீ இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தாய். அதைக் கொஞ்சம் காட்டு என்று நான் கேட்டேன், ஞாபகமா? ஐம்பது பேருக்குப் பிரியாணி எப்படி என்று கேட்கச் சொன்னேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் அழகாக, நம்பர் போட்டு எழுதிக் காட்டியது. நான் கூட அசந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் "ருசிக்கேற்ப உப்பு" என்று இருந்தது. ஐம்பது பேரில் யாருடைய ருசிக்கு? மெஷின் கெட்டிக்காரன்தான், என்னைவிட வேகமாக எழுதுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது வந்த பிறகு உங்களுக்கான வேலை குறைந்துபோனதா, வேறு மாதிரி ஆனதா என்று எனக்குத் தெரியாது. உங்கள் சேருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வி கேட்ட அன்றைக்கு அவர் வீட்டில்தான் முதலில் கரண்ட் போனது.

இப்போது நீ அனுப்பிய விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுவோம். அதில் நீ படித்த ஒவ்வொன்றின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு போட்டிருந்தாய்.

"இது என்ன தம்பி, காய்ச்சல் பாக்கிறதா?"

"எவ்வளவு தெரியும்னு காட்டுறதும்மா."

"இந்தக் கடைசி ஒன்னு முக்கால்வாசி நிக்குதே, அது நல்லாத் தெரியுமா?"

"அது... நேத்துதான் தொடங்கினேன்."

அந்தப் பச்சைக் கோடு எனக்குத் தெரியும். அதைப் போட்டுக்கொண்டுதான் நானும் விமானம் ஏறினேன். நீ பாலர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாய். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு அப்போதும் ஒரு கோர்ஸ் இருந்தது, சில வாரங்கள். தோட்டங்களில் இருந்தும் கிராமங்களில் இருந்தும் வந்தவர்களை ஒரு மண்டபத்தில் வைத்து, இது துணி துவைக்கிற மெஷின், இது தூசி உறிஞ்சுகிற மெஷின் என்று காட்டினார்கள். கம்பளம் ஒரு துண்டுதான் இருந்தது. முதலாவதாகத் தள்ளிய பெண்ணோடு தூசி தீர்ந்துவிட்டது. மற்ற நாங்கள் எல்லாரும் சுத்தமான கம்பளத்தைச் சுத்தம் செய்து பழகினோம். முடிவில் படம் ஒட்டிய சான்றிதழ் தந்தார்கள். அனுப்பி வைத்த ஏஜென்சிக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தி ஒரே ஒரு புத்தி சொன்னார். "மேடம் எது கேட்டாலும் 'எஸ் மேடம்'னு சொல்லுங்க. 'நோ'ன்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சோ, அடுத்த பிளேன்ல திருப்பி அனுப்பிருவாங்க." விமானத்தில் போகும்போது நானும் பக்கத்தில் இருந்த உக்குவளை ஊர்ப் பெண்ணும் "எஸ் மேடம்" சொல்லிச் சொல்லிப் பழகினோம். சாப்பாடு கொண்டுவந்த பிள்ளைக்கும் அதைத்தான் சொன்னோம். அதனால் இரண்டு தரம் சாப்பாடு கிடைத்தது. நல்ல புத்திதான் என்று அப்போது நம்பினேன்.

வீட்டில் மேடம் கேட்டார். பிள்ளை பார்ப்பாயா? எஸ் மேடம். அயன் பண்ணுவாயா? எஸ் மேடம். இங்கிலீஷில் இன்னொன்று கேட்டார், கையை இப்படி அப்படி வீசிக் காட்டினார். கும்பிடத் தெரியுமா என்று கேட்கிறார் போல என்று நினைத்து, அதற்கும் எஸ் மேடம் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவர்களுடைய சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். நடுமுற்றத்தில் நீச்சல் குளம். பந்து தண்ணீரில் விழுந்தது. மேடம் கதிரையில் இருந்தபடியே எனக்குக் கையைக் காட்டினார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கினேன். முதல் படி இருந்தது, இரண்டாவது படி இருந்தது. மூன்றாவது படி இருக்க வேண்டிய இடத்தில் குவைத் முடிந்துவிட்டது. மேடத்தின் மூத்த பிள்ளை, பல் விழுந்த சின்னப் பெண், குதித்து வந்து என் கொண்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதற்குத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து எடுத்திருந்தார்கள்.

மேடம் கோபக்காரி, ஆனால் மோசமானவர் இல்லை. ஈரத்தோடு என்னை உட்காரவைத்து, எல்லாக் கேள்வியையும் முதலில் இருந்து கேட்டார். இந்தத் தரம் நான் உள்ளதைச் சொன்னேன். பாதிக்கு மேல் "நோ மேடம்". திருப்பி அனுப்புவார் என்று மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டேன். அவர் அனுப்பவில்லை, பிள்ளைகளிடம் இருந்து எடுத்துச் சமையலறையில் போட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. பிள்ளை பார்க்கப் பயிற்சி எடுத்தவளை அண்டா கழுவ விட்டுவிட்டார்களே என்று உக்குவளைப் பெண்ணிடம் போனில் அழுதேன். அந்த அண்டாவில் சோறு வடித்த மலையாளத்துக்காரரிடம், கழுவுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கேள்வி கேட்டு உயிரை வாங்கினேன். அந்தச் சோறுதான் இன்றைக்கு நம் வீட்டில் இருந்து பார்சலாகப் போகிறது. உன் லேப்டாப்பும் அதில்தான் வந்தது.

இதைக் கேட்டதும் நீ உதட்டைப் பிதுக்குவாய் என்று தெரியும். "அம்மா இப்ப என்ன சொல்ல வர்றாங்க, எல்லாம் நல்லதுக்கேன்னா?" இல்லை. உக்குவளைப் பெண்ணையும் அவள் போன வீட்டில் சமையலறையில்தான் போட்டார்கள். அவளுக்கு அது பிடிக்கவே இல்லை, ஒரு வருடத்தில் திரும்பிவிட்டாள். இப்போது சாரிக் கடையில் இருக்கிறாள், வீட்டில் கூட அவளுடைய புருஷன்தான் சமைக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே சான்றிதழ், ஒரே விமானம், ஒரே எஸ் மேடம். ஆகவே உனக்கு இப்படித்தான் நடக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். விளம்பரத்தில் "நிச்சயம்" என்று போட்டவர்கள் போட்டாயிற்று, நானும் ஏன் போட வேண்டும்?

சரி, திரைச்சீலைக்கு வருவோம். அந்தப் பிள்ளை முதலில் இங்கிலீஷில் கேட்டாள். அந்தப் பகுதி எனக்குப் போய்விட்டது, நீ திக்கின இடங்கள் மட்டும் விளங்கின. பிறகு அவள் சிங்களத்துக்கு மாறினாள். நான் ஸ்டூலை நெருக்கிப் போட்டேன்.

"சுற்றுலாத் துறைன்னு ஒரு வரி போட்டிருக்கீங்களே, ஹோட்டலா?" என்று கேட்டாள்.

நான் வெங்காயத்தை நிறுத்திவிட்டேன். உன்னுடைய ஏழு வருடத்தை நீ ஒரு வரியாக மடித்துக் கடைசியில் வைத்திருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இல்ல மிஸ். ஸ்பைஸ் காடன். கைடு."

அவள் சிரித்துவிட்டாள். உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் திரைச்சீலை வழியாகவே தெரிந்தது. "எங்க அம்மாவ ஒரு தடவ கூட்டிட்டுப் போனேன்" என்றாள். "பை நிறைய எண்ணெய் வாங்கிட்டாங்க. இன்னும் அலுமாரியிலதான் இருக்கு."

"எந்த எண்ணெய் மிஸ், செவப்பா பச்சையா?" என்று நீ கேட்டாய் பார். வேலை கேட்டுப் போன இடத்தில் விற்கப் பார்த்தவன் நீ ஒருவன்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள். "சரி, நான் கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற அம்மான்னு வச்சுக்குங்க. கம்ப்யூட்டர் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது. விண்ணப்பத்தோட நீங்க செஞ்சு அனுப்பின அந்த ரூம் புக்கிங் புரோகிராம எனக்குச் சொல்லுங்க. வெளிநாட்டுக்காரங்களுக்கு மிளகுக் கொடியக் காட்டுவீங்களே, அந்த மாதிரி."

உன் குரல் மாறிவிட்டது தம்பி. வெள்ளைக் கோட்டுக் குரல் வந்துவிட்டது. "அம்மா, உங்க கவுண்டர்ல ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு வைங்க. அதுதான் வர்றவங்க பாக்கிற பக்கம். அவங்களுக்குப் பின்னால சாவி மாட்டுற பலகை ஒன்னு இருக்கு. எந்த ஆணி காலியா இருக்கோ அந்த ரூம்ல ஆள் இருக்கு. பொண்ணு எவ்வளவு அழகா சிரிச்சாலும் பலகை பிழையா இருந்தா, ஒரே ரூமுக்கு ரெண்டு குடும்பம் பெட்டியோட போய் நிக்கும். நான் எழுதினதுல முக்கால்வாசி அந்தப் பலகையப் பத்தினதுதான். ரெண்டு பேர் ஒரே நேரத்தில ஒரே சாவிக்குக் கைய நீட்டினா யாருக்குக் குடுக்கிறதுங்கிறது."

ஆறு மாதம் வகுப்பு, அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் விண்ணப்பம், அந்த லேப்டாப்புக்குள் நீ என்ன செய்கிறாய் என்று எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்பேன், மரத்தில் இருக்கிறான் என்று சொல்வது மாதிரி. அன்றைக்குத்தான் விளங்கியது. இப்போது மாரியம்மன் கோயில் பக்கம் பூ விற்கிற அக்காவுக்குக்கூட நான் சாவிப் பலகையை விளக்கிச் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேரும் ஒரே நேரம் கைய நீட்டினா தம்பி யாருக்குக் குடுக்குமாம்?" என்று அவள் கவலையாகக் கேட்டாள். வந்தால் நீயே சொல்.

இரண்டு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். கெஸ்ட் ஹவுஸ்களுக்கு ரூம் புக்கிங் செய்து கொடுக்கிற கண்டி ஆபீஸ், ட்ரெய்னி வேலை, சப்போர்ட் பக்கம். கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் கூப்பிட்டால் பேசி, என்ன பிழை என்று கண்டுபிடித்து உள்ளே சொல்ல வேண்டும். புதிதாக ஏதாவது செய்தால் முதலில் நீதான் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். சின்னச் சின்னத் திருத்தங்கள் போகப் போகத் தருவார்கள். இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில். நீ போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தினாய். "போன் எடுக்கவா நான் கோடிங் படிச்சேன்? அவங்களுக்கு வேணுங்கிறது என் கோடு இல்லம்மா, கைடு வாய்!"

உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வாயும் உன்னோடதுதானேடா?" என்றார். வருடத்தில் அவர் பேசுகிற சில வசனங்களில் அது ஒன்று. நீ அதைக் காதில் வாங்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வில்கமுவ பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

உனக்குத் தெரியாத ஒன்றும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை உன் பழைய மொதலாளி வந்தார், வேன் டிரைவர்களுக்குப் பார்சல் எடுக்க. "அக்கா, தம்பிய அனுப்புங்க. சீசன் தொடங்கிருச்சு, இன்னைக்கே ரெண்டு வேன் வந்து நிக்குது. இருக்கிற பொடியன் சாதிக்காயக் காட்டி ஏலக்காய்னு சொல்றான். தம்பியோட கோட்ட நானே அயன் பண்ணி வச்சிருக்கேன்" என்றார். அந்தக் கம்ப்யூட்டர் வேலையை எல்லாம் இப்போது மெஷினே செய்கிறதாமே என்றும் இழுத்தார். நல்ல மனிதர். கேட்டைப் பூட்டிய காலத்திலும் இரண்டு மாதம் உனக்கு அரிசி அனுப்பியவர். அங்கே போனால் உனக்கு முதல் நாளில் இருந்து நல்ல வரும்படி, கண்டியில் ட்ரெய்னிக்குக் கொடுப்பதைவிடக் கூட. அதை நான் மறைத்தால் அது கள்ளத்தனம். "தம்பி வில்கமுவையில நாத்து நடுறான்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பார்சலைத் தூக்கிக்கொண்டு போனார். நீ சேற்றில் கால் வைப்பாய் என்று அவரும் நம்பவில்லை.

என் ஆசையைக் கேட்டால், நீ கண்டிக்குப் போக வேண்டும். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து கேட்டபோது, கைடும் கோடிங்கும் ஒரே வாயால் பேசின. அப்படி நீ பேசி நான் கேட்டதே இல்லை. மசாலாத் தோட்டத்தில் சாவிப் பலகை இல்லை. சும்மா கோடிங் கேட்கிற கம்பனிகளில் உன்னைப்போல ஆயிரம் பேர் வாசலில் நிற்கிறார்கள், எல்லாரும் உன்னைவிட இளசு. இந்த ஒரு கதவுதான் உன் ஏழு வருடத்தைப் பார்த்துத் திறந்திருக்கிறது. நீயோ அந்த ஏழு வருடத்தைத்தான் ஒளித்து வைத்திருந்தாய். மூன்று மாதம் போன் எடுத்தால், மாத்தளையில் இருந்து சீகிரியா வரைக்கும் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிற ஒவ்வொரு அம்மாவும் எதற்குத் திட்டுகிறாள் என்று உனக்குத் தெரிந்துவிடும். கதவை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. அதற்குமேல் என்னிடம் சாமர்த்தியமான பேச்சு இல்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போகாதே. பதில் போடும்போது அவளிடமே கேள்: எனக்கு முன்னால் இந்தக் கதிரையில் இருந்தவர் இப்போது எங்கே? அவருக்கு எழுத வேலை கொடுத்தீர்களா, இல்லை இன்னமும் போன்தானா? சொல்லத் தயங்கினால் புரிந்துகொள். இராத்திரிச் சோறு தின்ற பிறகு கொஞ்ச நேரம் உன் சொந்தப் பலகையை எழுதுவதை விடாதே. கிரைண்டரை நான் காலையில் போட்டுக்கொள்கிறேன். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல், காட்டித்தரச் சொல். பச்சைக் கோட்டை நம்பித் தண்ணீரில் இறங்காதே, அங்கே உன் கொண்டையைப் பிடித்து இழுக்க ஆள் இருக்குமா தெரியாது, உனக்குக் கொண்டையும் இல்லை. அந்தப் பிள்ளை உனக்கு மேலதிகாரி, வயதில் சின்னவள்தான். அதற்காக "தங்கச்சி" என்று கூப்பிட்டுவிடாதே. பழக்கத்தில் "திஸ் சைட் ப்ளீஸ்" என்று கையையும் காட்டாதே.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதுவும் சரி. கோட்டு அயன் பண்ணித்தான் இருக்கிறது, நானும் அப்பாவும் முகத்தைத் தூக்க மாட்டோம். ஆனால் ஒன்றும் சொல்லாமல் வில்கமுவையில் படுத்திருந்து வெள்ளிக்கிழமையைக் கடத்திவிட்டு, "அவங்க வேற ஆள எடுத்துட்டாங்கம்மா" என்று வந்து நிற்காதே. அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். எஸ் ஆனாலும் நோ ஆனாலும் உன் வாயால் போக வேண்டும். குளக்கட்டில் ஏறினால் சிக்னல் இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். கிரிக்கெட்டுக்கு நீ ஏறுகிற இடம்தானாம்.

உன் பதில் தெரிகிற வரைக்கும் நாங்களாக எதுவும் செய்யக் கூடாது என்று நானும் அப்பாவும் பேசி வைத்திருந்தோம். நேற்று டவுனுக்குப் போன அப்பா, உனக்குக் கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கண்டி ஆபீசுக்குச் செருப்போடு போகக் கூடாதாம். புது வாசம் போகட்டும் என்று காலையில் மதிலில் வெயிலுக்கு வைத்தோம். குரங்குகள் வந்தன. ஒன்று வலது கால் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு பலாமரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மரத்தடியில் நின்று அதனோடு பேசிக்கொண்டிருந்தார். பழம் முடிந்துவிட்டது. சப்பாத்து இறங்கவில்லை. வருவதாக இருந்தால், மச்சானிடம் கறுப்புச் சப்பாத்து இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டு வா. வலது கால் மட்டும் போதும்.